டிக்கியில் ரேடியேட்டர் வைத்த அத்தான்

என் கைக்குழந்தையின் துணிப்பையை வைக்கலாம் என்று அத்தான் காரின் டிக்கியைத் திறந்தேன். உள்ளே பைக்கு இடமில்லை. நட்டநடுவில் ஒரு ரேடியேட்டர் நின்றுகொண்டிருந்தது. அதிலிருந்து இரண்டு தடித்த ரப்பர் குழாய்கள் இறங்கி, காரின் தரையில் போட்டிருந்த ஓட்டைக்குள் மறைந்தன. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கார் ஓட்டத் தெரியாத எனக்கே, இன்ஜினைக் குளிரவைக்கிற ரேடியேட்டர் முன்னால்தான் இருக்கும் என்று தெரியும்.

"என்ன அத்தான் இது?"

"ரேடியேட்டர்."

"அது தெரியுது. இங்க எதுக்கு வந்துச்சு?"

"முன்னால இடமில்லம்மா," என்றார், வீட்டில் பீரோவை நகர்த்தி வைத்தவர் மாதிரி.

அத்தான் என் அக்காவின் வீட்டுக்காரர், ஏசி மெக்கானிக். உலகத்தில் அவர் கண்ணுக்குத் தெரிகிற ஒரே பொருள் காற்று. சினிமாவுக்குப் போனால் படத்தைப் பார்க்க மாட்டார். கூரையில் காற்று எங்கே இறங்குகிறது என்று பார்த்து, எங்களை இரண்டு தடவை இடம் மாற்றி உட்காரவைப்பார். என் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி அறைக்குள் வந்தவர், குழந்தை முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஏசியைத்தான் பார்த்தார். "காத்து நேரா புள்ள மேல விழுது," என்று தொட்டிலை அவரே மூலைக்கு நகர்த்தினார். அதற்கப்புறம்தான் குனிந்து பார்த்தார். பார்த்தவர் நிமிரவே இல்லை. அவர்களுக்குக் குழந்தை இல்லை.

அந்தச் சின்ன காரின் இன்ஜின் செத்துப்போனதும், பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு வேனின் இன்ஜினைக் கொண்டுவந்து அதில் திணித்தார். பானட்டுக்கு அடியில் விரல் நுழைய இடமில்லை. வேறு ஆளாக இருந்தால் இன்ஜினைத் திருப்பிக் கொடுத்திருப்பார். அத்தான் தன் தொழில் புத்தியில் யோசித்தார். "வீட்டு ஏசிக்கு வெளிப்பெட்டிய எங்க மாட்டுறோம்? பின்சுவத்துலதானே? சூடு பின்னால போகணும். அவ்வளவுதான்."

பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவில் இருந்த தடுப்பைக் கழற்றினார். டிக்கி மூடியில் வரிசையாகக் கீறல் போட்டார். திறந்த ஜன்னல் கண்ணாடி வழியாகக் காற்று உள்ளே வரும், நம்மைத் தொட்டுவிட்டுப் பின்னால் போகும், டிக்கியில் மாட்டிய ஃபேன் அதை ரேடியேட்டர் வழியாக இழுத்து வெளியே தள்ளும். "ஒரே காத்து, ரெண்டு வேலை," என்றார். தண்ணீர்க் குழாய்கள் காருக்கு அடியில் ஓட வழி வேண்டுமே, அதற்காகப் புகைக்குழாயைப் பாதியில் வெட்டிக் குட்டையாக்கினார். அதனால் கார் உறுமியது. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அவர் கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் இன்ஜின் சூடாகவில்லை. மேட்டில் ஏறினாலும் சூடு காட்டும் முள் நகரவில்லை. சிரித்தவர்கள் வந்து டிக்கியைத் திறந்து திறந்து பார்த்தார்கள், நானும்தான்.

பிறகு மழைக்காலம் வந்தது. கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு போனதும் முள் மேலே ஏறியது. அத்தான் அசரவில்லை, ஒரு பெரிய வண்டியின் ஃபேனைத் தேடிப்பிடித்து மாட்டினார். முள் இறங்கிவிட்டது. கண்ணாடி மூடியிருக்கும்போது அவ்வளவு பெரிய ஃபேனுக்குக் காற்று எங்கிருந்து கிடைக்கிறது என்று அவரும் கேட்கவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை.

என் மகளுக்கும் தூக்கத்துக்கும் அப்போது ஜென்மப் பகை. தோளில் போட்டால் அழுவாள், தொட்டிலில் போட்டால் அதைவிட அழுவாள். என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. அழுகையைக் கேட்க அவர் ஊரிலேயே இல்லை. நான் கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு அக்கா வீட்டில் வந்து விழுந்தேன். ஒரு மழைநாளில் அத்தான், "வாங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்," என்று எங்களைக் காரில் ஏற்றினார். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, குழந்தை மடியில் துவண்டு தூங்கிவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. வேலை முடிந்து வந்ததும் அத்தான் சாவியை ஆட்டுவார். அக்காவும் கொட்டாவி விடுவாள். இறங்கும்போது எனக்குத் தலை பாரமாக இருக்கும். தூக்கம் கெட்ட உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். "என் வண்டி ராசி அப்படி. ஏறினா ராஜா வீட்டுத் தூக்கம்," என்று அத்தான் தெருவெல்லாம் பெருமையடித்தார். அவர் மட்டும் தூங்கவில்லை. அவர் பக்கத்துக் கண்ணாடி முழுதாக மூடாது, ஒரு விரல் இடைவெளி எப்போதும் இருக்கும்.

அன்று கொட்டுகொட்டென்று கொட்டியது. அக்கா பாப்பாவோடு பின்னால் ஏறினாள். நான் முதல்முறையாக முன் சீட்டில் உட்கார்ந்தேன். பெரிய சாலைக்கு வந்ததும் என் கண் கியர் கம்பியில் விழுந்தது. அதன் அடியைச் சுற்றியிருந்த தோல் உறை உப்பிக்கொண்டு நின்றது, தவளையின் தொண்டை மாதிரி. கை வைத்தேன். ஓரத்தில் வெதுவெதுப்பாகக் காற்று வந்தது.

"அத்தான், உங்க வண்டிக்கு அடியில இருந்துகூட காத்து வருது பாருங்க," என்றேன், கேலியாகத்தான்.

சிரித்துக்கொண்டே அவரும் கை வைத்தார். கையை மோந்து பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. மறு நொடி காரை ஓரத்தில் நிறுத்திக் கதவுகளை எல்லாம் விரியத் திறந்தார். "இறங்கு. எல்லாரும் இறங்குங்க."

அக்கா இறங்கவில்லை. அவள் தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. அத்தான் அவள் மடியிலிருந்து குழந்தையைப் பறித்துக்கொண்டு மழைக்குள் ஓடினார். நான் அக்காவை வெளியே இழுத்துப்போட்டேன். அவள் சாலை ஓரத்தில் மண்டியிட்டு வாந்தி எடுத்தாள். திரும்பிப் பார்த்தால், முகத்தில் ஒரு சொட்டுப் பால் பட்டாலே ஊரைக் கூட்டுகிற என் மகள், அந்த மழை முழுவதும் முகத்தில் விழ அத்தான் கையில் அசையாமல் கிடந்தாள். அத்தான் அவள் பாதத்தைச் சுண்டினார், கிள்ளினார், திரும்பவும் கிள்ளினார்.

"அழுடா கண்ணு. அழுதுடு. உன்னக் கெஞ்சிக் கேக்குறேன், அழுதுடு."

ஒரு விக்கல் வந்தது. பிறகு அழுதாள். எந்த அழுகை நிற்காதா என்று ஏங்கினேனோ அந்த அழுகை. நான் அந்தச் சாலை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் மூன்று பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். "மூடின காருக்குள்ள விஷப்புகை எப்படி வந்துச்சு?" என்று டாக்டர் கேட்டார். டிக்கியில் ரேடியேட்டர் இருக்கிறது என்று சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், புகை என் மூளைக்குப் போய்விட்டதோ என்கிற மாதிரி. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் என்று ஆரம்பித்தவர், குழந்தையைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டார்.

வெளியே நடைபாதையில் அத்தான் பேயறைந்தவர் மாதிரி சுவரோரம் நின்றிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கன்னத்தில் நாலு அறை விடக் கையை ஓங்கினேன். அவர் தானாகவே பேசினார்.

"கண்ணாடிய மூடிட்டா ஃபேன் சும்மா இருக்குமா? குழாய்க்குப் போட்ட ஓட்டை வழியா கீழேருந்து இழுத்திருக்கு. கீழ நான் வெட்டிவிட்ட புகைக்குழாய். காத்து எங்க போகுதுன்னுதான் பாத்தேன். எங்கேருந்து வருதுன்னு பாக்கல. பாப்பா தூங்கல, கொழுந்தியா. ஒருநாளும் அவ தூங்கல."

நான் சந்தோஷப்பட்ட அத்தனை மாலைகளும் ஒரே நேரத்தில் கண்முன் வந்து நின்றன. ஓங்கிய கையால் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

காரை அவரே கடப்பாரையால் பிரித்து எடைக்குப் போட்டார். இப்போது பேருந்தில்தான் வேலைக்குப் போகிறார்.

என் மகளுக்கு நாலு வயதாகிறது. தூக்கத்தோடு இருந்த பகை தீர்ந்து, மதியம் சாப்பிட்டதும் அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறாள். லீவு நாளில் அத்தானும் அக்காவும் வருவார்கள். பாப்பா தூங்குவதைக் கண்டால் அத்தான் கதவருகில் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு பொறுக்காது. மெல்லப் போய் அவள் கால் கட்டைவிரலைக் கிள்ளிவிடுவார். "தூங்குற புள்ளைய யாராவது எழுப்புவாங்களா?" என்று அக்கா சமையலறையிலிருந்து கத்துவாள். பாப்பா முழித்து வீறிட்டு அழும்வரை நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.