வரிசையில் வைத்த பச்சைக் குடம்

வீட்டைப் பூட்டிவிட்டு நாலு எட்டு வைத்ததும் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். அடுப்பை அணைத்தேனா, கொடியில் துணி கிடக்கிறதா என்று பஸ்ஸில் ஏறிய பிறகும் மனசு அடித்துக்கொண்டே இருக்கும். இந்தக் குணம் எப்போது வந்ததென்று தெரியாது. ஒன்பது வயதில் இருந்தது, அது நிச்சயம். இல்லாதிருந்தால் அன்றைய பொழுது வேறு மாதிரி முடிந்திருக்கும்.

எங்கள் ஊர் திருச்சுழிக்குப் பக்கம். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. நல்ல தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை தெருக்குழாயில் வரும். மத்தியானம் வரலாம், சாயங்காலமும் ஆகலாம். அதனால் விடிந்ததும் குடத்தைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிடுவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அந்த வீட்டுக்காரி எங்கே என்று யாரும் தேடமாட்டார்கள். குடம் இருக்கிறதே, இங்கேதான் எங்காவது இருப்பாள்.

அன்றைக்கு அம்மா எடுத்தது பச்சைப் பிளாஸ்டிக் குடம். அடியில் விரல் நீளத்துக்கு விரிசல் விட்டது. கரி போட்டு வைக்கத்தான் அது ஆகும். அம்மா கரியைக் கொட்டிவிட்டு, உள்ளே கையை விட்டுத் துடைத்து, வரிசையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

"எம்மா, அது ஓட்டக் கொடம்."

"சரி, சரி. வந்து மாத்திக்கிருவோம். நீ தலையச் சீவு."

அப்பா விடிகாலையிலேயே பந்தல்குடிக்கு லாரியில் லோடு ஏற்றப் போய்விட்டார். அம்மாவின் இடது கையில் இரண்டு விரல்கள் வீங்கித் துணி சுற்றியிருந்தது. குழாயடியில் வழுக்கி விழுந்ததாகத் தெருவில் சொல்லியிருந்தாள். விழவில்லை என்று எனக்குத் தெரியும். அதை வெளியில் சொல்லக் கூடாது என்பதும் தெரியும். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் கையைக் காட்டிவிட்டு வருவோம், பள்ளிக்கூடம் வேண்டாம் என்றாள். ஒயர் கூடையில் என் பொங்கல் கவுன் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு எதற்குப் பொங்கல் கவுன்? ஓட்டைக் குடத்தோடு இந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது.

அருப்புக்கோட்டையில் இறங்கியதும் அம்மா ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பவில்லை. நின்ற மதுரை பஸ்ஸில் என்னை ஏற்றி ஜன்னலோரம் உட்கார வைத்தாள். "மதுர பாத்ததில்லல்ல? இன்னைக்குப் பாரு" என்றாள். காரியாபட்டி தாண்டும்வரை நான் மதுரையைப் பற்றி நினைக்கவே இல்லை. தண்ணீர் மத்தியானமே வந்துவிட்டால்? ஓட்டைக் குடத்தைப் பார்த்து எல்லாரும் சிரித்தால்? பிடிக்க ஆள் இல்லாமல் முறை போய்விட்டால்? வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அப்பா வந்து நின்றால்? அந்தக் கடைசிக் கேள்விக்கு மேல் போகமாட்டேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

மதுரையில் இறங்கி, அம்மா ரவிக்கைக்குள் வைத்திருந்த சீட்டை எடுத்துக் காட்டிக் காட்டி வழி கேட்டாள். எங்கள் ஊரிலிருந்து மதுரைக்கு வாக்கப்பட்டுப் போன ஒருத்தி எழுதிக்கொடுத்த சீட்டு. சந்து சந்தாகப் போய் ஒரு வீட்டில் நுழைந்தோம். உள்ளே ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அப்பளம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளியம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

"தேய்க்க வருமா?"

"வரும்க்கா."

"கையில என்ன கட்டு?"

"சும்மா, வழுக்கி விழுந்துட்டேன். நாலு நாள்ல சரியாயிரும்."

ஒரு மாவு உருண்டையை உருட்டிவிட்டார். அம்மா உட்கார்ந்து தேய்த்தாள். சுற்றிய துணி மாவில் படாமல் அந்த இரண்டு விரலையும் தூக்கி வைத்துக்கொண்டு தேய்த்தாள். நெற்றியில் வேர்வை பொடித்தது. அப்பளம் நிலா மாதிரி வந்தது. இரண்டாவதும் அப்படியே. பக்கத்தில் இருந்தவள், "யக்கா, இவ வந்தா நம்மளயெல்லாம் வீட்டுக்கு அனுப்பிருவீக போலயே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அவளுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

"மாடியில ரெண்டு பேரு தங்கியிருக்காளுக. நீயும் இருந்துக்க" என்றார் முதலாளியம்மா. "புள்ளைய இந்தா இருக்கிற பள்ளிக்கூடத்துல சேத்துரலாம். புருஷன்?"

"இல்லக்கா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவுக்குக் குடம் மறந்தது போல அப்பாவும் மறந்துவிட்டது என்று நினைத்தேனோ என்னவோ, வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எங்கப்பா இருக்காக. பந்தல்குடிக்கு லோடு ஏத்தப் போயிருக்காக. சாயங்காலம் வந்துருவாக. தண்ணி புடிக்காட்டி அம்மாவ அடிப்பாக. நாங்க போகணும், கொடம் வரிசையில நிக்குது."

பலகைகளில் சத்தம் நின்றுபோனது. முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, இப்படி மறைச்சா எப்படி? போன வருஷம் ஒருத்தன் பொண்டாட்டியத் தேடி வந்து, பெசஞ்ச மாவையெல்லாம் தெருவுல கொட்டிட்டுப் போனான். இத்தன பொம்பளைகள வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? கோவிச்சுக்காத தாயி. போயிரு."

அம்மா கையிலிருந்த மாவை ஒட்டின துணுக்குவரை வழித்து உருண்டையோடு சேர்த்து வைத்துவிட்டு எழுந்தாள். வாசலுக்கு வந்த முதலாளியம்மா உடைந்த அப்பளம் ஒரு பொட்டலம் என் கையில் திணித்தார்.

அம்மா என்னை ஏசுவாள் என்று பார்த்தேன். ஏசவில்லை. எங்கெங்கோ நடந்தோம். மிளகாய்ப் பொடி தூவிய அன்னாசித் துண்டு வாங்கிக் கொடுத்தாள். தூரத்தில் கோபுரம் தெரிந்தது. அதற்குள் போகவில்லை, பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தோம். மணலும் எருமைகளும்தான் இருந்தன. இவ்வளவு பெரிய ஊருக்கும் தண்ணீர் இல்லை போல என்று எனக்குப் பாவமாக இருந்தது.

"ஊரு புடிச்சிருக்கா?" என்றாள் அம்மா.

"நம்ம கொடம் இந்நேரம் எத்தனாவதா நிக்கும்மா?"

அவள் கூடையைக் கீழே வைத்தாள். பிறகு குனிந்து என் முகத்துக்கு நேராக, "இன்னொரு எடத்துல கேட்டுப் பாப்பமா? நீ ஒண்ணும் பேசாம இருப்பியா?" என்று கேட்டாள். அம்மா என்னிடம் அப்படிக் கெஞ்சுவது போல் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. பாலத்திலேயே உட்கார்ந்து "கொடம், கொடம்" என்று அழ ஆரம்பித்தேன். போகிறவர்கள் நின்றார்கள். சைக்கிள்காரர் ஒருவர், "என்னம்மா, புள்ள கொடத்தத் தொலைச்சுருச்சா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. பத்திரமா இருக்கு" என்று சொல்லி அம்மா என்னைத் தூக்கி நிறுத்தினாள். நேராகப் பஸ் நிலையத்துக்குப் போனோம்.

திரும்பி வருகையில் காரியாபட்டிக்குப் பக்கத்தில், என் மடியிலிருந்த அப்பளப் பொட்டலத்தை எடுத்து ஜன்னல் வழியாக எறிந்தாள். "மதுர போனத யார்ட்டயும் சொல்லாத" என்றாள். அந்தப் பொட்டலத்துக்காக நான் அழுதேன். அம்மா அழவில்லை.

ஊரில் இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. தண்ணீர் வந்து நின்றும்போயிருந்தது. பச்சைக் குடம் குழாயடியில் தனியாகக் கவிழ்ந்து கிடந்தது. அடுத்த வீட்டு மதினி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏத்தா, நீ இங்கனதான் இருக்கேன்னு ஒவ்வொரு தடவையும் ஒங் கொடத்த நாங்க நகட்டி நகட்டி வச்சோம். ஊத்துனா அம்புட்டும் கீழ போகுது. ஓட்டக் கொடத்தையா வரிசையில வைப்பாக?"

"மாத்தி வச்சுட்டேன் மதினி. கை வலியில கவனிக்கல."

"நல்ல பொம்பள போ. ஒனக்கு ரெண்டு கொடம் தனியாப் புடிச்சு வச்சிருக்கேன். ஒங்க வீட்டுக்காரரு வாரதுக்குள்ள தூக்கிட்டுப் போ."

அப்பா வந்தபோது பானை நிறையத் தண்ணீர் இருந்தது. அன்று அவர் கை ஓங்கவில்லை. என்னால்தான் என்று எனக்கு ஒரே பெருமை. நான் மட்டும் ஞாபகப்படுத்தியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

அம்மாவின் விரல்கள் அதற்குப் பிறகு நேராகவே இல்லை. நிறைகுடம் தூக்க முடியாதென்று ஆனதும் ஏழாம் வகுப்போடு என்னை நிறுத்தித் தண்ணீருக்கு விட்டார்கள். ஒவ்வொரு முறையும் குடத்தை வெயிலுக்கு நேரே தூக்கி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் வரிசையில் வைப்பேன். எப்போதாவது அம்மா, "இன்னைக்கு நான் வச்சுட்டு வாரேன், குடு" என்று கையை நீட்டுவாள்.

"நீ ஓட்டக் கொடத்தக் கொண்டுபோய் வச்சுருவ" என்று நான் பிடுங்கிக்கொள்வேன். தெருவே சிரிக்கும். அம்மா மட்டும் நீட்டிய கையை உடனே மடக்காமல் அப்படியே வைத்திருப்பாள்.

விரல் வலி போல என்று நினைத்துக்கொள்வேன்.