டாக்டர் துரையைக் கடித்த நண்டு

என் சித்தப்பாவுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. முழுசாகத் தெரிந்த விஷயமும் ஒன்றும் கிடையாது. சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டுக்கு மணி அடிக்கிற வேலை அவருக்கு. ஏறுகிறவர் பேச்சும் இறங்குகிறவர் பேச்சும் அவர் காதில் பாதி பாதியாக விழும். மீதியை அவரே பூர்த்தி செய்துகொள்வார்.

எனக்கு அப்போது எட்டு வயது. சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துக்குப் பக்கத்தில், தட்டி வீடுகள் வரிசையாக நின்ற ஒரு லைனில் இருந்தோம். பின்னால் ஒரு சின்ன ஓடை. பாறையை அரைத்துத் தங்கம் பிரிக்கிற மில்லில் ஏதோ புது மருந்து போட ஆரம்பித்த பிறகு, அதில் சாம்பல் கரைத்த மாதிரி தண்ணீர் வந்தது. தவளைச் சத்தம் நின்றுபோனது. அம்மா ஒரு மைல் தள்ளியிருந்த தோட்டக் கிணற்றுக்கு, தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாக, தினம் இரண்டு நடை நடந்தாள். என் தம்பி அப்போது அவள் வயிற்றில் இருந்தான். லைனுக்கு ஒரு குழாய் வந்துவிட்டால் போதும் என்பதைத் தவிர அவள் சாமியிடம் வேறெதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சித்தப்பா சேதி கொண்டுவந்தார். சுரங்க ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டர் துரை ஓடையைப் பார்க்க வருகிறாராம். கல்லைப் புரட்டி என்னென்ன மீன், நண்டு, பூச்சி இருக்கிறதென்று எண்ணுவாராம். அதை வைத்துத்தான் குழாய் உண்டா இல்லையா என்று எழுதுவாராம்.

"நல்லதாப் போச்சு தம்பி. தண்ணி கெட்டுக் கீதுன்னுதானே கொழா கேக்கறோம். இருக்கறபடியே பாத்துட்டுப் போகட்டும்," என்றாள் அம்மா.

"உங்களுக்கு இன்னா தெரியும் அண்ணி? தொரை மனசு குளுந்தாத்தான் கேட்டது கெடைக்கும். காலி ஓடையக் காட்டினா மானம் போயிடும்."

லைன் முழுக்கச் சித்தப்பா பக்கம்தான் சேர்ந்தது. அதில் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. துரை வருகிறார் என்றால் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போம், குப்பையை அடுத்த லைனுக்குத் தள்ளுவோம். காய்ச்சலில் கிடப்பவர்கூடப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வாசலில் விறைப்பாக நிற்பார். பழகிப்போன அந்தக் கையோடு ஓடைக்கும் ஜோடனை செய்யக் கிளம்பிவிட்டோம்.

சித்தப்பா மாட்டுவண்டி பிடித்துப் பூதிகோட்டை ஏரிக்குப் போனார். நானும் தொற்றிக்கொண்டேன். ஐந்தாறு பானைகளில் கெண்டைக் குஞ்சு, தவளை, நத்தை, ஒரு முழு விரால். நண்டுப் பானை என் மடியில். வழியெல்லாம் அது பானையைச் சுரண்டியதில் எனக்கு அதன்மேல் பாசமே வந்துவிட்டது.

மறுநாள் காலை துரை வருவதற்குச் சற்று முன்னால் எல்லாவற்றையும் ஓடையில் விட்டோம். விரால் ஓடையைவிடப் பெரிதாக இருந்தது. முதுகு வெளியே தெரிந்தது. அது ஓடிவிடாமல் வாலில் நூல் கட்டி ஒரு கல்லில் முடிந்துவிட்டு, அந்தக் கல்லின்மேல் என்னை நிற்கச் சொன்னார் சித்தப்பா. அவ்வளவு முக்கியமான வேலையை அதுவரை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

துரை பூட்ஸைக் கழற்றி, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். ஒரு கல்லைப் புரட்டினார், நத்தை. இன்னொன்று, தவளை. அவர் புருவம் ஏறிக்கொண்டே போனது. மூன்றாவது கல்லுக்கடியில் கையை விட்டவர் "ஆ" என்று கத்திக்கொண்டு எடுத்தார். விரலில் என் நண்டு தொங்கியது. லைனே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவரோ விழுந்து விழுந்து சிரித்தார். நான்தான் ஓடிப்போய் நண்டைப் பிரித்துவிட்டேன். ஈரக்கையால் என் தலையைத் தட்டிக்கொடுத்தார். நான் கல்லைவிட்டு இறங்கியதில் விரால் நூலோடும் கல்லோடும் கிளம்பிவிட்டதை நல்லவேளையாக அவர் பார்க்கவில்லை.

சாயங்காலம் போய்ப் பார்த்தபோது எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. நண்டும் அசையவில்லை. விராலையாவது குழம்பு வைக்கலாம் என்று சித்தப்பா தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா அதை வாங்கிக் குழி தோண்டிப் புதைத்தாள்.

நாலு நாள் கழித்து ஆஸ்பத்திரி கம்பவுண்டர் வந்தார். "ஒங்க ஓட ரொம்ப நல்லா கீதுன்னு தொரை எழுதிட்டாரு. இவ்ளோ உசுரு வாழற தண்ணி பக்கத்துல இருக்கச்சே கொழா எதுக்குன்னு கேட்டாரு," என்றார்.

சித்தப்பா அன்றைக்கு ஷிஃப்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விட்டார்.

எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. துரை தட்டிக்கொடுத்த தலை என்று பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன். தம்பி பிறக்கிற வாரம் வரைக்கும் அம்மா கிணற்றுக்கு நடந்தாள். நான் கூடவே நடந்து, நண்டு துரையைக் கடித்த கதையைப் போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் சொல்லுவேன். இரண்டு குடத்துக்கும் நடுவிலிருந்து அம்மா "ம்" கொட்டுவாள். அவளுக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.