அத்தை வாங்கிய துப்பாக்கி

என் அத்தை துப்பாக்கி வாங்கப் போகிறாள் என்று வகுப்பில் சொன்னபோது ஒருத்தியும் நம்பவில்லை. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அத்தை என்றால் அப்பாவின் தங்கை, பெண்கள் பள்ளி ஒன்றில் விளையாட்டு டீச்சர். உசிலம்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் அந்த வருடம் மதுரையில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். "பள்ளிக்கூடம் இங்கிருந்து பக்கம்ல" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடம் அம்மா சொல்வாள். எனக்கும் அந்தக் காரணம் போதுமானதாக இருந்தது.

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது அத்தை குறி பார்த்துச் சுடுவதில் பெயர் வாங்கியவள். கல்யாணத்தோடு அது நின்றுபோனது. எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, ஊருக்கு வெளியே குன்றடியில் இருந்த சுடுதளத்துக்கு ஞாயிறுதோறும் மறுபடியும் போக ஆரம்பித்தாள். அங்கே சங்கத்துப் பொதுத் துப்பாக்கியை ஆள் மாற்றி ஆள் சுட வேண்டும். சொந்தமாக ஒன்று இருந்தால்தான் போட்டிக்குப் போக முடியும் என்று, அலுவலகம் அலுவலகமாக அலைந்து உரிமமும் வாங்கிவிட்டாள். துப்பாக்கி வீட்டுக்கு வராது, சங்கத்துப் பெட்டகத்திலேயே இருக்கும் என்று சத்தியம் வாங்கிக்கொண்ட பிறகுதான் அம்மா சம்மதித்தாள்.

விற்கிறவர் சிம்மக்கல்லில் பைப்புக் கடை வைத்திருந்த ஒரு பாய். அவரும் அதே சங்கத்து ஆள்தான். கண் நரம்பில் கோளாறு என்று டாக்டர் சொல்லிவிட்டதால் சுடுவதை விட்டுவிடும் முடிவில் இருந்தார். அவரிடம் இரண்டு பிஸ்டல்கள் இருந்தன. இரண்டும் பாயிண்ட் டூ டூ. சின்னஞ்சிறு தோட்டா, அதன் அடிவிளிம்பில் ஊசி தட்டினால் வெடிக்கும். குறிப்பலகையில் சுடுவதற்கென்றே செய்தவை.

ஒன்று புதுசு. வெள்ளி மாதிரி மின்னும் குழல், நீல நிறக் கைப்பிடி, எடையும் குறைவு. மற்றது பழசு, முழுக்க இரும்பு. ஓரங்களில் கறுப்பு தேய்ந்து வெளுத்திருந்தது. மரக் கைப்பிடி பாயின் வியர்வையை வருடக்கணக்கில் குடித்து, பலகாரச் சட்டியின் நிறத்துக்கு வந்திருந்தது.

"புதுச எடுத்துக்கங்க டீச்சர். கையில இருக்கதே தெரியாது, அம்புட்டு லேசு. இந்தக் கிழட்டுக் கழுத உங்களுக்கு எதுக்கு?" என்றார் பாய். சொல்லிக்கொண்டே அந்தக் கிழட்டுக் கழுதையைத்தான் மஞ்சள் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

நானும் பாய் கட்சிதான். பார்த்த நொடியிலேயே நீலக் கைப்பிடிக்கு என் ஓட்டைப் போட்டுவிட்டேன். அத்தை மட்டும் அவசரப்படவில்லை. ரெண்டையும் கொஞ்ச நாள் சுட்டுப் பார்க்கிறேன் என்றாள். பாயும் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டு, அவள் சுடும்போதெல்லாம் பக்கத்திலேயே நின்றார்.

சுடுகிறவர்கள் நிற்கும் கோட்டுக்குப் பின்னால் என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, காதுகளுக்குப் பெரிய மூடி மாட்டிவிடுவார்கள். முன்னால் முக்காலியில் ஒரு தொலைநோக்கி. அத்தை சுடச்சுட, தாளில் எங்கே ஓட்டை விழுந்தது என்று நான் கத்த வேண்டும். பக்கத்தில் வரிசையாக ஆட்கள் சுட்டுத் தள்ளினாலும் அத்தைக்கு இமைகூட அசையாது. அதே அத்தை, வீட்டில் ஓர் எவர்சில்வர் தட்டு கைதவறி விழுந்தால் தூக்கிவாரிப்போட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எனக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. அம்மா மட்டும் பாத்திரங்களைச் சத்தமில்லாமல் வைக்கப் பழகியிருந்தாள்.

புதுசில் அத்தை அற்புதமாகச் சுட்டாள். ஓட்டைகள் நடுவட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. ஆனால் எதிர்பாராத நேரத்தில் அது மக்கர் செய்தது. போட்டியில் ஒரு பகுதி உண்டு. கையைத் தாழ்த்தி வைத்திருந்து, விளக்கு மாறியதும் சட்டென்று உயர்த்தி ஒரு தடவை சுட வேண்டும். மறுபடி தாழ்த்திக் காத்திருக்க வேண்டும். அப்படிச் சுடும்போதுதான், வெளியே தெறித்து விழவேண்டிய காலி உறை பாதி வழியில் நட்டுக்கொண்டு நின்றுவிட்டது.

"தோட்டா சரியில்ல டீச்சர். வெளிநாட்டுத் தோட்டா போட்டா தண்ணி மாதிரி ஓடும். துப்பாக்கி தங்கம்" என்றார் பாய்.

"நமக்குக் கெடைக்கிறது இந்தத் தோட்டாதான பாய்?" என்றாள் அத்தை.

பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. ஆளைப் பிடித்து ஸ்பிரிங்கை மாற்றிக்கொண்டு வந்தார். அதன்பின் சில வாரங்கள் அது சமர்த்தாக இருந்தது. எனக்கு ஒரே கொண்டாட்டம். பிறகு ஒருநாள் மறுபடியும் நின்றது.

பழசோ வேறு ரகம். அதன் எடையில் அத்தையின் தோள் வலித்தது. ஓட்டைகள் இடதுபக்கமாக ஒதுங்கி, நான் கத்துவதற்குக் கூச்சப்படும் இடங்களில் விழுந்தன. ஆனால் எந்தப் பெட்டித் தோட்டாவைப் போட்டாலும் சுட்டது. துடைக்காமல் வாரக்கணக்கில் வைத்துப் பார்த்தாள், அப்போதும் சுட்டது. ஒரு பாகம் தேய்ந்தால்கூடச் சென்னையிலேயே வாங்கிவிடலாம். புதுசுக்குக் கப்பலில்தான் வரவேண்டும் என்று பாயே ஒருநாள் வாய்தவறி உளறிவிட்டார்.

இந்த இழுபறிக்கு நடுவில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா வந்தார். மாமா என்றால் அத்தையின் வீட்டுக்காரர். கூடவே அவருடைய அண்ணன். ஒரு பை நிறைய ஆப்பிளும் மல்லிகைப் பூவும் கொண்டுவந்திருந்தார்கள். எனக்கு மாமாவை மிகவும் பிடிக்கும். காதுக்குப் பின்னாலிருந்து மிட்டாய் எடுத்துத் தருவார், பைக்கில் வைத்துத் தெப்பக்குளத்தைச் சுற்றிக்காட்டுவார். அன்றைக்கும் மிட்டாய் எடுத்துத் தந்தார். அதை வாயில் போட்டுக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.

தாகமெடுத்துக் கொல்லைப்பக்கமாகத் திரும்பி வந்தபோது சமையலறையில் அப்பா, அம்மா, அத்தை மூவரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நாலஞ்சு மாசமா ஒரு பிரச்சினையும் இல்லங்கிறாங்க தாயி" என்றார் அப்பா.

"நல்லா இருக்கும்போது நல்லாத்தாண்ணே இருக்கும். எப்ப என்ன ஆகும்னு தெரியாதுல்ல."

"அதான் இப்பச் சரியாயிருச்சுன்னு சொல்றாங்கள்ல. இன்னொரு தடவ பாப்பமே."

"எம்புட்டுத் தடவண்ணே பாக்குறது?"

எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே பாய்ந்தேன்.

"அதான் ஸ்பிரிங்க மாத்தியாச்சுல்ல அத்தை! புதுசே இருக்கட்டும். அந்தப் பழசு பாக்கவே நல்லா இல்ல!"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அத்தைதான் முதலில் சிரித்தாள். அடக்க முடியாமல், மேடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். சேலை முந்தானையால் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. அம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "சரி தாயி. நான் சொல்லிர்றேன்" என்று கூடத்துக்குப் போனார்.

மாமாவும் அவருடைய அண்ணனும் சாப்பிடாமலே கிளம்பினார்கள். வாசலில் மாமா என் கன்னத்தைத் தட்டினார், ஆனால் சிரிக்கவில்லை. புதுசை வாங்காததில் அவருக்கும் வருத்தம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று பேசியது மாமாவைப் பற்றித்தான் என்பது நான் கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள் அம்மா சொல்லித்தான் தெரியும். அவர் மாதக்கணக்கில் தங்கமாக இருப்பாராம். திடீரென்று ஒருநாள் குழம்பில் உப்பு கூடியதற்கோ, பஸ் தாமதமாகி அத்தை நேரம்கழித்து வந்ததற்கோ தட்டு பறக்குமாம், கை நீளுமாம். பிறகு அவரே காலில் விழுந்து கூட்டிப்போவதும், அத்தை திரும்பி வருவதுமாகச் சில வருடங்கள் போயிருந்தன.

மாமா வந்துபோன அடுத்த ஞாயிறு அத்தை பழசையே வாங்கிக்கொண்டாள். முறைப்படி அதை அவள் பெயருக்கு மாற்றினார்கள். பாயின் பெரிய கைக்கு ஏற்ற கைப்பிடி அவளுக்கு நிறையவில்லை, கொஞ்சம் செதுக்க வேண்டும் என்றாள்.

"செதுக்கினா என் கைத்தடம் எல்லாம் போயிருமேம்மா" என்றார் பாய். கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அவரே நீட்டினார். "செதுக்கிக்கங்க. சுடுறது இனி நீங்கதான?"

அந்த வருடப் போட்டி வெளியூரில் நடந்தது. அத்தை என்னையும் கூட்டிப்போனாள். அவள் சுட்ட வரிசையில் வேறொரு பெண்ணின் துப்பாக்கி நின்றுபோய், அந்தப் பெண் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டாள். அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உயர்த்தினாள், சுட்டாள், தாழ்த்தினாள். ஆனால் பதக்கம் வரவில்லை. பட்டியலில் அவள் பெயரைத் தேட, கீழே வெகுதூரம் போக வேண்டியிருந்தது.

துப்பாக்கிப் பெட்டிகள் சங்கத்து வேனில் போக, நாங்கள் இருவரும் பஸ்ஸில் திரும்பினோம். ஆற்றாமையோடு சொன்னேன்: "புதுச வாங்கியிருந்தா ஜெயிச்சிருக்கலாம் அத்தை."

"ஜெயிச்சிருக்கலாம்டி" என்றாள். அவள் முகத்தில் தோற்றவளின் களையே இல்லை. "ஆனா இன்னைக்குப் பூரா நான் ஒரு தடவகூடப் பயப்படல, தெரியுமா?"

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கையில் துப்பாக்கி வைத்திருக்கிறவர்களுக்கு என்ன பயம்? எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்கத் திரும்பினேன். அதற்குள் அத்தை என் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள், வாய் லேசாகத் திறந்து, கைகள் இரண்டும் மடியில் விரிந்து கிடக்க. நாள் முழுக்கச் சுட்ட களைப்பு என்று நினைத்துக்கொண்டு, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வரும்வரை தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.