ஓவர்டைம் பன்

ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் இருக்கும் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. ஓவர்டைம் பார்த்தால் தரும் பன், கேக், மிக்சர் பொட்டலத்தை அங்கேயே தின்றுவிட மாட்டார்கள், வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். என் மகனும் மருமகளும் ஆளுக்கொரு பொட்டலத்தை எங்கள் முன் வைப்பார்கள். அவர்களுக்குச் சாப்பாடு கேன்டீனில். வீட்டில் சாப்பிட நானும் என் மனைவியும்தான்.

“ரெண்டு பேருக்கு எதுக்குங்க அடுப்பு பத்த வெச்சிக்கினு?” என்றாள் அவள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. சர்க்கரை தூக்கலாக டீ, பன், எப்போதாவது வெள்ளைச் சோறு என்று காலம் ஓடியது. பிள்ளைகள் ஆசையாகக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல எந்தக் கிழவனுக்கு வாய் வரும்?

அவளுக்கு முட்டி வீங்கியது, விரல் வீங்கியது. பேச்சும் குறைந்தது. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் பேரம் பேசிக் கடைக்காரர்களை ஒருவழி பண்ணுகிறவள், சந்தைக்கே வரவில்லை என்றாள். கால்வலி என்று மகன் தைலம் வாங்கிவந்தான். வயசாகிவிட்டது என்று நானும் விட்டுவிட்டு டிவி பார்த்தேன். உண்மையில் அவள் முடங்கிக் கிடப்பது எனக்கு எரிச்சலாக இருந்தது.

வீக்கம் வற்றவில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். பிள்ளைகளின் பாசத்தையும் சேர்த்துப் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“ஒடம்புக்குள்ள அழற்சி இருக்குதுங்க. சில பேருக்கு அது மூட்டோட நிக்காது, மனசையும் அழுத்தும். சாப்பாடு மட்டுமே காரணம்னு சொல்லமாட்டேன். மாத்திரையும் தர்றேன். ஆனா அந்தப் பொட்டலத்த நிறுத்திட்டு, கீரை, பயறு, கேழ்வரகுன்னு சமைச்சு சாப்பிடுங்க.”

அன்றிலிருந்து சமையல் என்னுடையது. பொட்டலம் வேண்டாம் என்றதும் மகனுக்கு முகம் சுண்டிப்போனது. நான் கிண்டிய களி கட்டிகட்டியாக வந்தது. கடைக்காரனையே விடாதவள், அதில் ஒரு குறையும் சொல்லாமல் விழுங்கினாள். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

சில வாரங்கள் கழித்து, களியைக் கொள்ளுக் கடையலில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், தலை நிமிராமலே சொன்னாள்: “அப்பல்லாம் படுக்கறப்ப, காலைல எந்திரிக்காமயே போயிட்டா தேவலன்னு வேண்டிக்குவேங்க.”

“முட்டி வலியாலயா?”

“இல்லீங்க. முட்டி வலின்னா தாங்கிக்குவேன்.”

இப்போதும் அப்படி வேண்டிக்கொள்கிறாயா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவள் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

“இன்னும் கொஞ்சம் வைங்க.”