இருபதடித் தோட்டம்

அருள்புரத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த பொன்னுச்சாமிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த வேலையை எடுத்தாலும் அதைச் சுத்தமாகச் செய்துவிடுவார். அரைகுறையாகச் செய்கிற மனுஷனாக இருந்திருந்தால் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பதினெட்டு வயதில் திருப்பூருக்கு வந்தவர். பத்து வருஷம் சாயப்பட்டறையில் ஷேடு பார்த்தார். வெளிநாட்டுக்காரன் அனுப்பிய துண்டுத் துணியையும் பட்டறையில் சாயம் ஏற்றிய துணியையும் ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்து, இரண்டும் ஒரே நிறம்தானா என்று சொல்ல வேண்டிய வேலை. பொன்னுச்சாமி சரி என்று சொன்ன சரக்கு திரும்பி வந்ததில்லை. அந்தக் கண்ணை நம்பித்தான் பிறகு காமிரா வாங்கினார், ஸ்டூடியோ போட்டார்.

பல்லடம் போகிற வழியில் ஒரு நூல் மில். அதன் ஹாஸ்டலில் தெற்கத்திப் பெண் பிள்ளைகள் அறுபது பேர் தங்கி வேலை பார்த்தார்கள். மூன்று வருஷம் முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று புரோக்கர் சொல்லி, வேனில் ஏற்றி வந்த பிள்ளைகள். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அவர்களை வரிசையாக நிற்க வைத்து ஒரு குரூப் போட்டோ எடுப்பார்கள். ஆளுக்கொரு காப்பி மில் செலவிலேயே தபாலில் பெற்றவர்கள் வீட்டுக்குப் போகும். அந்த வேலை பொன்னுச்சாமியுடையது.

2006-இல் பூஜைக்கு ஒரு மாசம் இருக்கும்போது முதலாளி மகன் தரணீதரன் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏனுங்க பொன்னுச்சாமி, போன வருசப் போட்டோவுல செவுரு எப்படித் தெரியுது பாத்தீங்களா? பாசி புடிச்சு, மேல கண்ணாடிச் சில்லு வேற. பெத்தவங்க ஊட்டுல மாட்டி வெக்கற போட்டோங்க அது. இந்த வாட்டி ஏதாச்சும் திரை கொண்டாந்து கட்டுங்க. இல்லீன்னா கோயமுத்தூர் ஆளையே வரச் சொல்லிக்கறனுங்க."

அந்த வேலையை விட முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய அக்கா மயிலாளின் மூத்த மகள் வேல்விழி அந்த வருஷம்தான் அங்கே சேர்ந்திருந்தாள். பெற்றவர்களைத் தவிர யாரையும் ஹாஸ்டலில் பார்க்க விடமாட்டார்கள். வாரம் ஒரு போன், அதுவும் வார்டன் பக்கத்தில் நிற்க. அக்காளும் அத்தானும் ஊரில் குச்சி அடுக்கும் தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விட்டு வர முடியாதவர்கள். அருள்புரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தும் மாமன்காரன் அவள் முகத்தைப் பார்க்க ஆயுத பூஜை ஒன்றுதான் வழி.

திரை என்றதும் திருப்பூர்க்காரனுக்கு முதலில் தோன்றுவது பனியன் துணிதானே. கழித்துப் போட்ட சாம்பல் நிற ரோல் ஒன்றை வாங்கி வந்து, இரண்டு குழாய்க்கு நடுவே கட்டிப் பார்த்தார். பின்னல் துணி தன் கனத்திலேயே இழுபட்டு நடுவில் தொங்கியது. ஓரங்கள் அப்பளம் மாதிரி சுருண்டுகொண்டன.

"யாருக்குங்க தொட்டில் கட்டுதிய?" என்றாள் மனைவி செல்லத்தாய்.

வண்ணம் தீட்டிய ஸ்டூடியோ திரை எட்டடிதான். அறுபது பேருக்கு இருபதடி வேண்டும். சுருட்டித் தூக்கிப் போகவும் வேண்டும். கடைசியில் ஃபிளக்ஸ்தான் என்று முடிவானது. ஃபிளக்ஸ் அடிக்கிற கன்னையன் கம்ப்யூட்டரில் பனிமலை, வெளிநாட்டுப் பூந்தோட்டம், மரவீடு என்று ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினான்.

"இதையெல்லாம் பாத்தா எங்க சனம் சிரிக்கும்யா. ஸ்டூடியோ அருவியப் பாத்து எவனாவது குத்தாலம்னு நம்புதானா? திரைன்னே தெரியக் கூடாது" என்றார் பொன்னுச்சாமி.

சுத்தமான வேலை ஆரம்பித்துவிட்டது. இரண்டு தென்னை, அரளிச் செடி, புல்தரை, பின்னால் ஜன்னல்கள் திறந்த ஒரு மாடிக் கட்டடம். இரண்டு ஃபிளக்ஸ் சேர்கிற இணைப்பு, தென்னையின் அடிமரத்தில் மறைகிற மாதிரி அமைத்தார். திரைக்கு வெளியே வலது ஓரத்தில் மில் ஆபீஸ் கட்டடத்தின் நிஜ மூலை கொஞ்சம் படத்தில் விழும். அந்தச் சுவரில் உரிந்திருந்த பெயின்ட் பொருக்கு ஒன்றைப் பெயர்த்துக் கொண்டுபோய், கன்னையனை மூன்று முறை சாம்பிள் அடிக்க வைத்து, திரையில் இருக்கிற கட்டடத்தையும் அதே சந்தன நிறத்துக்குக் கொண்டுவந்தார். சாயப்பட்டறையில் செய்த அதே வேலை.

பூஜையன்று காலை திரையைக் குட்டியானை வண்டியில் ஏற்றிப் போனார். ஃபிளக்ஸ் மினுங்கும் என்பதால் ஃபிளாஷ் போடவில்லை. வெயில் ஏறுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். திரையின் அடி விளிம்பை மறைக்கப் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்தார். தரணீதரன் அசந்து போனார்.

"நம்ம மில்லு தானுங்களா இது! எங்க சித்தப்பா மில்லுக்கும் நீங்களே எடுத்துக் குடுத்துருங்க."

திரைக் குழாயைப் பிடித்துக்கொள்கிற சாக்கில் வேல்விழி பக்கத்தில் வந்தாள். ஆறு மாசத்தில் கழுத்தெலும்பு தெரிய இளைத்திருந்தாள். பஞ்சுத் தூசி இருமல் வேறு.

"மாமா, அப்பாட்டச் சொல்லி என்னையக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. போன்ல சொல்ல முடியல. நெஞ்சு அடைக்கி மாமா. ராத்திரி ஷிப்டுல நின்னுக்கிட்டே தூங்கி விழுந்துட்டேன்."

"சொல்லுதேன் தாயி. தீபாவளிக்கு ஊருக்குப் போறேன், நேருலயே சொல்லுதேன். இப்பப் போயி நில்லு. கொஞ்சம் சிரி."

அவள் போய் நின்றாள், சிரித்தாள். மாமா சொன்னாரே.

அன்றைக்கே ஊர்க் கடைக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. காப்பிகளை ஒப்படைத்துவிடுவோம், சித்தப்பா மில் வேலையும் முடியட்டும், அதற்குள் எதற்கு வம்பு என்று நினைத்தார். மூன்று வாரம்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். லேபில் உட்கார்ந்து பிரிண்டின் நிறத்தை வேறு சரிபார்த்தார்.

தீபாவளிக்கு முந்தின நாள் அவர் ஊர் போய்ச் சேர்ந்தபோது, போட்டோ அவருக்கு முன்னாலேயே போயிருந்தது. அத்தான் ராமர் அதைச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். மயிலாள் விரல் வைத்துக் காட்டினாள்.

"தம்பி, எம்புள்ள இருக்க எடத்தப் பாரேன். சன்னலு, செடி, புல்லு... இங்க தீப்பெட்டி ஆபீசுல கெடந்து வேகாம அவளாவது நெழல்ல இருக்காளே."

பொன்னுச்சாமி வந்த காலோடு எல்லாவற்றையும் சொன்னார். அது திரை. பின்னால் இருப்பது கண்ணாடிச் சில்லு பதித்த சுவர். பிள்ளை இருமுகிறாள், கூட்டிக்கொண்டு வாருங்கள்.

ராமர் சிரித்தார். "மாப்ளே, நாங்க திரை பாக்காதவுகளா? எங்க கல்யாணப் போட்டோவுல தாஜ்மகாலு நிக்கி. நாங்க என்ன ஆக்ராவுக்கா போனோம்?" எழுந்து போய்ப் படத்தின் வலது மூலையைத் தொட்டார். "இந்தா, இந்தச் செவுரும் உள்ள இருக்க கட்டடமும் ஒரே கலரு. இதப் போயி திரைங்கிய."

"நாந்தான் அத்தான் அந்தக் கலரச் சேத்தேன்!"

"போன வாரம் போன்ல நல்லாருக்கேன்னுதான சொன்னா? வேலைன்னா ரெண்டு இருமல் வரத்தான் செய்யும். பாதியில வந்தா அந்தத் தொகையும் போயிரும். எம்புள்ள நல்லா இருக்கது உங்களுக்குப் பொறுக்கலியா மாப்ளே?"

திரையையே கொண்டுவந்து காட்டலாம் என்றால், அடுத்த வருஷத்துக்கும் ஆகும் என்று தரணீதரன் அதை மில் குடோனில் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் நேரில் வந்து பாருங்கள் என்று பொன்னுச்சாமி கெஞ்சினார். தை முடியட்டும் என்றார் ராமர்.

தையில் புரோக்கர் வந்தான். அந்த போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் காட்டினான். அவன் ஒரு வார்த்தை பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. படமே பேசியது. பதினொரு பிள்ளைகள் வேனில் ஏறினார்கள். வேல்விழியின் தங்கை ஜோதிகாவும் ஏறினாள். அக்கா இருக்கிற தோட்டத்துக்கு நானும் போவேன் என்று அவளே அழுது அடம்பிடித்தாளாம். செல்லத்தாய்தான் போனில் கேட்டு வந்து சொன்னாள். பொன்னுச்சாமி அன்று கடை திறக்கவில்லை. பெரிய தண்டனைதான் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டார், ஒரு நாள் கடையடைப்பு!

அடுத்த ஆயுத பூஜைக்குப் போக மாட்டேன் என்றுதான் இருந்தார். போகாவிட்டால் கோயமுத்தூர் ஆள் வருவான், அதே திரையைக் கட்டுவான், பிள்ளைகளைப் பார்க்கவும் முடியாது. போனார். திரை குடோனிலிருந்து வந்தது. நிறம் கொஞ்சம்கூட மங்கவில்லை.

இப்போது எண்பது பேர். இரண்டாவது வரிசையில் அக்காளும் தங்கையும் பக்கம் பக்கமாக நின்றார்கள். வேல்விழி இந்த முறை குழாயைப் பிடிக்க வரவில்லை, எதுவும் கேட்கவுமில்லை. ஜோதிகாதான் திரும்பித் திரும்பித் திரையைப் பார்த்தாள். கை நீட்டி அந்த அரளிச் செடியைத் தொட்டாள், ஃபிளக்ஸ் லேசாக ஆடியது.

"மாமா, இதுதானா?" என்று கேட்டாள்.

பொன்னுச்சாமி காமிராவுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டார். சிரியுங்கள் என்று சொல்ல வேண்டிய நேரம். அழுகைதான் வந்தது. அறுபது வீட்டுச் சுவரில் பொய்யை மாட்டியவன், இன்று எண்பது வீட்டுக்கு மாட்டப் போகிறான். தரணீதரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வேல்விழி தங்கையின் தோளைப் பிடித்து முன்பக்கம் திருப்பினாள். இருமலை அடக்கிக்கொண்டு, மெல்லச் சொன்னாள்.

"சிரிடி. அம்மா பாப்பா."

ஜோதிகா சிரித்தாள். பொன்னுச்சாமி பொத்தானை அழுத்தினார்.