ராக் ஸ்லைடரில் பூத்த தாமரை

எங்கள் வீட்டு ஜீப் எண்பதுகளில் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை அதில் பச்சைமலை ஏறப்போகிறேன். கதவுக்கு அடியில் பாறை இடிக்காமல் இருக்க, இரண்டு பக்கமும் ராக் ஸ்லைடர் என்கிற இரும்புப் பைப் தடுப்பு வேண்டும்.

"பேசாம ஆன்லைன்ல வாங்குடா. நீ செஞ்சா பாதி மலையில கழண்டு விழும்" என்றான் எங்கள் ஜீப் குரூப் அட்மின் ஜெரால்டு.

விடுவேனா? நாற்பது வீடியோ பார்த்து, நானே படம் வரைந்து, இன்று காலை காட்டூர் கிரில் பட்டறையில் ஜீப்போடு கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

சாயங்காலம் திரும்பி வந்தால் ஸ்லைடரை ஜீப்பில் மாட்டியே வைத்திருந்தார்கள். இரண்டு பைப்புக்கும் நடுவில் வரிசையாக இரும்புத் தாமரை!

"அண்ணே, என்னண்ணே இது?" என்றேன் பட்டறைக்காரரிடம்.

"வெறும் பைப்பா விட்டா மொட்டையா இருக்கு தம்பி. நம்ம பட்டறை கேட்டுக்கெல்லாம் இந்தப் பூ உண்டு."

"இது கேட் இல்லண்ணே, பாறையில மோதுற சாமான்!"

"மோதட்டுமே" என்றவர், பூவுக்கு அடியிலேயே ஜாக்கியை வைத்து ஏற்றினார். ஜீப்பே மேலே எழுந்தது. ஒரு இதழ்கூட வளையவில்லை.

போட்டோவை குரூப்பில் போட்டுவிட்டு, ஜெரால்டு கிழிக்கப்போகிறான் என்று காத்திருந்தேன்.

அவனிடமிருந்து வந்த பதில்: "டேய், எங்க பால்கனிக்கும் இதே டிசைன் வேணும்னு அம்மா கேக்குறாங்க. பட்டறை எங்க இருக்கு?"

ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயின்ட் அடிக்கணும். பூவுக்கு மஞ்சளா, ரோஸா? சீக்கிரம் சொல்லுங்க மக்களே.