ஒளிராத ஆன்டிபாடி

அன்று காலை முதல் சாம்பிளிலேயே எனக்குக் கை ஓடவில்லை. பாலக்கோடு தக்காளி மண்டியில் காய் தரம் பிரிக்கும் ஒரு பெண்ணின் ரத்தம் அது. பெயர் வேண்டாம், அக்கா என்றே சொல்கிறேன். எச்.ஐ.வி.க்குப் பல வருடங்களாக மாத்திரை சாப்பிடுகிறவர். வருகிற ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டிருந்த அவருடைய சிடி4 எண்ணிக்கை, அதாவது எச்.ஐ.வி. அழிக்கிற எதிர்ப்புச் செல்களின் கணக்கு, அன்று அடிமட்டத்துக்கு விழுந்திருந்தது.

தர்மபுரியில் எங்கள் லேபில் ஃப்ளோ சைட்டோமீட்டர் என்றொரு மெஷின் உண்டு. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அதை இப்படித்தான் சொல்வேன். கிருமியைப் பிடிக்க நம் உடம்பு செய்கிற புரதம்தான் ஆன்டிபாடி. ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கு. அதில் மட்டுமே ஒட்டும். எதிர்ப்புச் செல்களின் மேல் இருக்கும் சிடி4 அடையாளத்தைப் பிடிக்கிற ஆன்டிபாடியோடு ஒளிரும் சாயத்தைச் சேர்த்துச் சின்னக் குப்பியில் அனுப்புவார்கள். ரத்தத்தில் கலந்தால் அந்த செல்களில் போய் ஒட்டிக்கொள்ளும். செல்கள் வரிசையாக லேசரைக் கடக்கும்போது, ஒளிர்கிறவற்றை மெஷின் எண்ணும்.

மறுபடி ஓட்டினேன். கிட்டத்தட்ட அதே எண். இரண்டு முறையும் ஒத்துப்போகிறதே, மாத்திரையை விட்டிருப்பார், மருந்தை மாற்ற வேண்டியதுதான் என்றார் டாக்டர். அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு அக்கா நேராக என் ஜன்னலுக்கு வந்தார்.

"ஒரு வேளகூட வுட்டதில்லைங்க. மண்டிக்குப் போனாலும் முந்தானையில முடிஞ்சிக்கிட்டுத்தான் போவேன். நீங்களாச்சும் நம்புங்க மேடம்."

அவரை உட்காரச் சொல்லிவிட்டுத் திரையை மறுபடி பார்த்தேன். செல்கள் காணாமல் போகவில்லை. மங்கலாகி, ஒளிர்கிறவற்றைப் பிரித்துக் காட்டும் கோட்டுக்கு இந்தப் பக்கம் சரிந்து கிடந்தன. மெஷின் அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. குப்பியோ அன்று காலைதான் திறந்தது. நோயில்லாத ஒருவரின் ரத்தத்தில் அதே குப்பியிலிருந்து கலந்து பார்ப்போம் என்று, கூட வேலை செய்யும் கோவிந்தனிடம் என் கையை நீட்டினேன்.

என் எண்ணும் அடிமட்டத்தில் வந்து நின்றது.

முன்பொருமுறை நோயாளிக்குப் போட்ட ஊசி என் கையில் குத்தியது ஞாபகம் வந்தது. அப்போதே டெஸ்ட் எடுத்து ஒன்றுமில்லை என்றார்கள். இருந்தும் ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்தது. எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். குப்பி இருந்த பெட்டி பின்சுவரோடு ஒட்டி, ஐஸ் பிடித்துக் கிடந்தது. ஆன்டிபாடி குளிரில் இருக்கலாம், உறையக் கூடாது. உறைந்தால் சாயம் சரியாக ஒளிராது.

ஸ்டோரிலிருந்து வேறு குப்பி வந்தது. முதலில் யாருடையதை ஓட்டுவது என்று கோவிந்தன் கேட்டார். அக்காவுடையதை என்றேன். எண் போன தடவையைவிடக் கூடுதலாகவே வந்தது. அடுத்து என்னுடையது. அதுவும் சரியாக இருந்தது.

டாக்டரே வெளியே வந்து அக்காவிடம் சொன்னார்: "தப்பு எங்க பக்கந்தாம்மா. நீங்க ஒழுங்காத்தான் சாப்பிட்டிருக்கீங்க. அதே மாத்திரையத் தொடருங்க."

அக்கா கொஞ்ச நேரம் பெஞ்சைவிட்டு எழவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப நான் பஸ்ஸுக்குப் போலாங்களா?"

அன்றிலிருந்து புதுக் குப்பி திறந்தால் முதலில் நோயில்லாத ஒருவரின் ரத்தத்தை ஓட்டிப் பார்க்கிறோம். இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எண் திடீரென்று விழுந்தால், நோயாளியைச் சந்தேகப்படும் முன் உங்கள் குப்பியைச் சந்தேகப்படுங்கள்.